கதவு என்ன நிறம்?

சுருவிலில் அம்மா பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போன வருசம்தான் திரும்பக் கூரை போட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசு. முன்கதவைப் பூட்டிப்போட்டு ஓடினவை. திறப்பு இப்பவும் அம்மாட்ட இருக்கு, கதவுதான் இல்லை. நிலை மட்டும் மிஞ்சி நிண்டது.

புதுக் கதவுக்குப் பழைய நிறத்தையே அடிப்பம் எண்டு நான்தான் சொன்னேன். அங்கதான் பிரச்சினை தொடங்கினது.

"நீலம்" எண்டா அம்மா.

ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மா வட்ஸ்அப்பில வந்து, "உனக்கு விசரே, அது பச்சை" எண்டா.

ரெண்டு பேரும் ஒரே கதவால ஒவ்வொரு நாளும் போய் வந்தவை. வாக்குவாதம் ஒரு கிழமை ஓடினது. கடைசியில அம்மா, "எனக்கு அந்த வீட்டில அதொண்டுதான் வடிவா ஞாபகம் இருக்கு, அதையும் பிழை எண்டால் என்ன செய்யிறது" எண்டு போனை வச்சிட்டா. எனக்கு அது சுட்டது.

நான் கலைப்பீடம். நிறம் எனக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சிருந்தேன். ஹாட்வெயார் கடையில கலர் மட்டையைப் பார்த்து ஒரு நீலத்தை மனசில வச்சுக்கொண்டு வெளியில வந்து, பத்து நிமிசத்தால திரும்பிப் போய்க் காட்டச் சொன்னால் வேற ஒண்டைக் காட்டினேன். ஜோசப் அல்பேர்ஸ் என்ற ஓவிய ஆசிரியர் 1963இல் வெளியிட்ட 'நிறங்களின் ஊடாட்டம்' பற்றிய நூலில் இதைத்தான் சொல்கிறார்: கேட்ட ஒரு மெட்டை நாங்கள் திருப்பிப் பாடிவிடுவோம், ஆனால் பார்த்த நிறத்தை நினைவில் வைத்திருப்பதில் படு மோசம். ஐம்பது பேரிடம் 'சிவப்பு' என்றால் ஐம்பது சிவப்பு மனசில் வரும். கொக்கா கோலாச் சிவப்பு என்று குறிப்பாகச் சொன்னாலும், எல்லாரும் ஒரே சிவப்பை நினைப்பதில்லை.

சரி, பழகிப் பார்ப்பம் எண்டு தொடங்கினேன். வெள்ளை மட்டையில பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. கம்பசுக்குப் போற பஸ் பண்ணைப் பாலத்தில ஏறினவுடன அதுக்குள்ளால கடலைப் பார்ப்பன். (பக்கத்தில இருக்கிற அன்ரிமார் என்னைப் பார்ப்பினம்.) கடல் நீலம் எண்டுதான் மண்டைக்குள்ள எழுதியிருக்கு. ஓட்டைக்குள்ளால பார்த்தால் காலமை ஏழு மணிக்கு அது சாம்பல், கரைப்பக்கம் கொஞ்சம் மண்ணிறம். சுத்தியிருக்கிறதை மறைச்சால்தான் கண் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாமல், தெரியிறதைச் சொல்லுது.

பிறகு மூன்று கேள்வி. எந்த நிறம்? எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு? எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு மங்கல்? இது என்ர கண்டுபிடிப்பு இல்லை. அல்பேர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் 1905இல் வெளியிட்ட நூலில் நிறங்களை இந்த மூன்று அளவாலும்தான் குறித்தார். பின்னேரம் வீட்டில வச்சு நினைவிலிருந்து பெயின்ற் கலந்து ஒரு துண்டு மட்டையில பூசி, அடுத்தநாள் கொண்டுபோய்ப் பக்கத்தில பிடிச்சுப் பார்ப்பன். முதல் ரெண்டு கிழமையும் ஒரே பிழை: நான் கலக்கிறது எப்பவும் உண்மையைவிடக் கடும் நிறம். நினைவு நிறத்தைக் கூட்டித்தான் வைத்திருக்கும். ஒரு மாசத்தில அந்தப் பிழை குறைஞ்சுது. போகேல்லை, குறைஞ்சுது.

சொல்லும் எங்களை ஏமாத்தும். 'பசும்பொன்' என்கிறோம், பொன் பச்சையா? மாயோனைக் கறுப்பு, நீலம், பச்சை என்று மூன்றாகவும் பாடியிருக்கினம். அம்மாவும் பெரியம்மாவும் சண்டை பிடிச்சது நிறத்துக்கா, சொல்லுக்கா எண்டு எனக்கு ஐமிச்சம் வந்தது அப்பதான்.

பிறகு நிலையில ஒட்டியிருந்த பழைய பிணைச்சலைக் கழட்டினபோது, அதுக்குக் கீழ நகமளவு பெயின்ற் பொருக்கு கிடந்தது. சாம்பல் கலந்த நீலப்பச்சை. துள்ளிக் குதிச்சேன். ஆனால் எண்ணெய்ப் பெயின்ற் வெளிச்சம் படாத இடத்தில காலப்போக்கில மஞ்சள் பிடிக்கும். நீலத்தில மஞ்சள் ஏறினால் பச்சைப்பக்கம் சாயும். ஆகவே பொருக்கையும் முழுசா நம்பேலாது. அதைவிடக் கொஞ்சம் நீலமாக ஒண்டைக் கலந்து ஒரு பலகையில அடிச்சு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுருவிலுக்குப் போனேன்.

"கதவுக்குப் பக்கத்தில என்ன இருந்தது?" எண்டு கேட்டேன்.

"வெளியில மஞ்சள் சுவர். உள்ளுக்க சிவப்புச் சீமெந்து. அக்கா எப்பவும் உள் விறாந்தையில இருந்துதான் படிப்பா. நான் எங்க உள்ளுக்க இருந்தனான், முத்தத்திலதான்."

பலகையை ஒரு மஞ்சள் துணிக்கு முன்னால பிடிச்சேன். நீலம். மிஞ்சிக் கிடந்த சிவப்புத் தரையில வச்சேன். அதே பலகை பச்சைக்குப் போனது. சிவப்புக்குப் பக்கத்தில இருக்கிற மங்கல் நிறத்தில கண் பச்சையைக் கூட்டும். மஞ்சளுக்குப் பக்கத்தில நீலத்தைக் கூட்டும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு, "இதுதான் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனா அக்கா பொய் சொல்லேல்லை" எண்டா.

பெரியம்மாவுக்குப் படம் அனுப்பேல்லை. போன் கமெரா தன்ர பாட்டுக்கு நிறத்தை மாத்திப்போடும். கதவு அடிச்சாச்சு. அவ வரேக்க உள்ளுக்க, சிவப்புத் தரையில ஒரு கதிரை போட்டு வைப்பம்.