பழைய பேடைக் கொண்டு வாங்க

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலைப் பக்கம் இருக்கிறது சிலமலை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில், ஊர் விடியும் முன்பே பாதித் தெரு ஜீப்பில் ஏறிவிடும். தலையில் துண்டு, மேலே ஒரு முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி. முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் இறங்கி வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே சாலையில் கீழே வருகிறார்கள்.

இவர்களை ஏற்றி இறக்கும் வண்டிகள் பெரும்பாலும் வயதானவை. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திராவின் பிற்காலத்து ஜீப்புகள், நடுநடுவே மாருதி 800, ஆம்னி. நகரத்தில் இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் இங்கே மலை ஏறுகின்றன. கம்பெனி இவற்றைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. மாருதி 800 கூட 1983-இல் வந்து 2014-இல் நின்றுபோனது. அப்படியானால் இவற்றுக்குச் சரியான பிரேக் எங்கே கிடைக்கிறது, யார் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்தேன்.

தகரக் கொட்டகை. உள்ளே ஒரு நீள மேசை. மேசை மேல் வைஸ், வெர்னியர், பழைய தகர டப்பா நிறைய ரிவிட். மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. சிலமலையிலிருந்து ஒருவர் மாருதி 800-ஐக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முன்சக்கரத்தில் கீச்சுச் சத்தம். வரும் வழியிலேயே கடையில் புதுப் பிரேக் பேடு வாங்கிப் பெட்டியோடு கையில் வைத்திருந்தார்.

"பழசக் கழட்டிப் பாக்காம ஏண்ணே வாங்குனீங்க?" என்றார் மேஸ்திரி.

"மாருதி எண்ணூறுன்னு சொல்லித்தான் வாங்குனேன்."

"கடைக்காரரு வண்டிப் பேரத்தான் கேப்பாரு. வண்டி நாலு கை மாறி வந்துருக்கு. நடுவுல எவரு காலிப்பர மாத்துனாரோ, யாருக்குத் தெரியும்?"

சக்கரத்தைக் கழற்றி, பழைய பேடை எடுத்துப் புதியதன் மேல் முதுகோடு முதுகாக ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். ஆனால் இரும்புத் தகட்டின் இரு ஓரத்திலும் காதுபோல் நீண்டிருக்கும் பகுதி புதியதில் ஒரு நூல் கூடுதல் அகலம். அதைக் காலிப்பர் பிராக்கெட்டில் வைத்து இரண்டு விரலால் தள்ளினார். பாதியில் நின்றது. பக்கத்தில் நின்ற பையன் சுத்தியலை நீட்டினான். மேஸ்திரி வாங்கவில்லை.

"தட்டி உள்ள போற பேடு, தட்டாம வெளிய வராதுடா தம்பி."

அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தத் தொழிலும் இருக்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் பேடு டிஸ்கை விட்டு விலக வேண்டும். பிராக்கெட்டில் இறுகிப்போன பேடு விலகாமல் உரசிக்கொண்டே வரும். சமதளச் சாலையில் அதனால் டீசல், பெட்ரோல் கூடுதலாகும், பேடு சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் அந்த உரசல் முதல் வளைவுக்கு முன்பே டிஸ்கைச் சூடாக்கி வைத்துவிடும். உண்மையாக அழுத்தும்போது பிடிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

காதுப் பகுதியில் பெயின்ட் தடித்துப் பிடித்திருந்தால் லேசாக அரம் போடலாம், தப்பில்லை என்றார். ஆனால் இது பெயின்ட் இல்லை, அளவே வேறு. பேடு கடைக்குத் திரும்பிப் போனது. பழைய பேடும் கூடவே போனது, சாம்பிளுக்கு.

அந்த நேரத்தில் ஜீப் வேலை தொடங்கியது. எனக்கு அதைப் பார்க்கத்தான் அதிக ஆசை. டிஸ்க் பேடு பெட்டியில் வருகிறது. பழைய ஜீப்பின் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவுக்கோ லைனிங் கையால் அடித்து ஏற்றப்படுகிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போடி, தேவாரம், கம்பம் என்று இந்த மலையடிவாரத்தில் இன்னும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம் இந்த ஜீப்புகள்தான்.

தேய்ந்த லைனிங்கின் ரிவிட்டை டிரில் போட்டு எடுக்கிறார்கள். ஷூவின் வளைந்த முதுகைத் துரு போகச் சுரண்டுகிறார்கள். முதுகில் மேடு பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல லைனிங் வைத்தாலும் உட்காராது. பிறகு புது லைனிங்கை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, நடுத் துளையில் முதல் ரிவிட். அங்கிருந்து இரண்டு ஓரத்தையும் நோக்கி மாற்றி மாற்றிப் போகிறார்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனிங் எழும்பி நிற்கும், உள்ளே காற்று இடைவெளி விழும், அழுத்தும்போது அந்த இடம் நொறுங்கும். ரிவிட் பித்தளை அல்லது செம்பு. அதன் தலை லைனிங்கின் மேல்பரப்புக்குக் கீழே நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். லைனிங் தேய்ந்து ரிவிட் தலை வெளியே தெரிய ஆரம்பித்தால் டிரம்மில் கோடு விழும். மென்மையான உலோகம் என்றால் அந்தக் கோடு ஆழமாகாது.

அடித்து முடித்ததும் மேஸ்திரி ஷூவை விரலில் தொங்கவிட்டு, லைனிங்கின் மேல் சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கண் எங்கோ பார்த்தபடி, காது மட்டும் வேலை செய்தது. ஒரு இடத்தில் சத்தம் மாறியது. எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. அந்த ரிவிட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தார்.

அதோடு முடியவில்லை. லைனிங் முழுக்க வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்தார். ஷூவை டிரம்முக்குள் வைத்து அழுத்தி ஒரு சுற்று. வெளியே எடுத்தபோது இரண்டு முனைகளில் மட்டும் சாக்பீஸ் அழிந்து, நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தது. முனை மட்டும் பிடிக்கிறது என்று அர்த்தம். அரம் போட்டார், திரும்பச் சாக்பீஸ், திரும்ப ஒரு சுற்று. முழு நீளமும் ஒரே சீராகச் சாம்பல் பூக்கும்வரை விடவில்லை. இதற்கு அவர் வாங்கும் கூலியைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதிலும் பேரம் பேசுகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இறக்கத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஆளோடும் மூட்டையோடும் ஒரு ஜீப் இரண்டேகால் டன் என்று வைத்தால், அந்த எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி சுமார் 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும், காற்றும் டயரும் கொஞ்சம் தாங்கும். மிச்சமெல்லாம் டிரம்முக்குள் சூடாகப் போய்ச் சேர வேண்டியதுதான். டிரம் சூடாகி விரிந்தால் லைனிங்கிலிருந்து விலகுகிறது. ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டும், மிதி கீழே போகிறது. லைனிங்கில் இருக்கும் பிசின் சூட்டில் வாயுவாகி நடுவில் படலமாக நிற்கிறது, பிடிப்பு குறைகிறது. ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் அதுவும் கொதித்துக் குழாயில் ஆவி கட்டும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்தபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. இதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால், கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

"ஏறாத வண்டிய விட்டு எறங்கி நடந்துருவாங்க. நிக்காத வண்டியில என்ன செய்வாங்க?" என்றார் மேஸ்திரி.

வேலை முடிந்த ஒரு ஜீப்பில் மெட்டுக்குப் போய் இறங்கி வந்தேன். ஓட்டுநர் இளைஞர். எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறக்கினார். விட்டு விட்டு அழுத்தினாரே தவிர, பிரேக்கில் காலை வைத்தபடி ஓட்டவில்லை. பின்னால் இருந்த அக்கா ஒருவர், "தம்பி நல்லாத்தான் எறக்கும், சில பேரு நூட்ரல்ல விட்ருவாங்க" என்றார். எண்ணெய் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் கொலைக்குச் சமம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். வார்ப்பிரும்பு வெடித்துவிடும். நிழலில் நிறுத்தி ஆறவிடுவது ஒன்றே வழி.

உரசித் தேயும் கட்டையாக ஒரு பொருளைத் தனியே செய்ய வேண்டும் என்ற எண்ணமே மலைச்சரிவில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில், வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரக்கட்டையோடு பழைய பூட்ஸ் தோலைச் சேர்த்து வைத்துப் பிடிப்பதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் அதற்கு மாற்றுத் தேடிக் கிளம்பினார். ஃபெரோடோ கம்பெனி அவர் தொடங்கியது. நம் பக்கம் 1960-களிலும் 70-களிலும் பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று சென்னையின் பாடியும் அம்பத்தூரும் இந்தத் தொழிலின் ஊர்களாயின. பழைய வண்டிக்கும் நல்ல லைனிங் இன்றும் கிடைக்கிறது. அதே அட்டைப்பெட்டியின் சாயலில் போலியும் கிடைக்கிறது.

பெட்டியை நம்பாமல் எதைப் பார்ப்பது? பல பேடுகளின் ஓரத்தில் எண்களின் நடுவே இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு என்று சொல்கிறது. இ என்றால் உராய்வு எண் 0.25-லிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, ஜி அதற்கும் மேல். இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இருந்தால், சூட்டில் கைவிடும் பேடு அது. தேனியில் ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை, மெட்டுக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம். ஐரோப்பாவில் மாற்றுப் பேடின் பிடிப்பு ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று விதியே இருக்கிறது. இங்கே அந்த வேலையை மேஸ்திரியின் விரலும் காதும் செய்கின்றன.

இனி, தூசி. டிரம்மைக் கழற்றியதும் பையன் காற்றுக் குழாயைப் பிடித்து ஊத, கொட்டகை முழுக்கச் சாம்பல் நிறப் புகை. மூக்கில் துண்டு கட்டியிருந்தான். நுண்ணிய நாரைத் துண்டு தடுக்காது. லைனிங்கில் பல காலம் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ்தான் கலந்தார்கள். நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்படக்கூடியது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுமையாக விலக்கிவிட்டது. இந்தியாவில் இறக்குமதி இன்னும் நடக்கிறது. கல்நார் வேலை செய்வோரின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைகளுக்கு. தகரக் கொட்டகையில் ஊதும் பையனுக்குப் பதிவேடு எதுவும் இல்லை. தெரியாத ஊரிலிருந்து வந்த பழைய லைனிங்கில் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே எல்லாத் தூசியையும் கல்நாராகவே நினைத்து, ஊதாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். நான் சொன்னபோது மேஸ்திரி ஒரு வாளியைக் காட்டி, "எனக்கு இதான் பழக்கம். பயலுக அவசரத்துக்கு ஊதுறாங்ஙெ" என்றார். வண்டிக்காரர்கள் தலைமேல் நின்று அவசரப்படுத்துவதும் அதற்கு ஒரு காரணம்.

சாயங்காலம் மாருதிக்காரர் வேறு பெட்டியோடு வந்தார். இரண்டு விரலில் தள்ளியதும் பேடு உள்ளே நழுவியது. உடனே மலைக்குப் போக வேண்டாம், தேனி வரை போய்வந்து, பேடு நன்றாக உட்கார்ந்த பிறகு ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வண்டிப் பேரைச் சொல்லிப் பேடு வாங்காதீர்கள், கழற்றிய பேடைக் கையில் கொண்டுபோங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள், இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் கசிந்து நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். மேஸ்திரி ஊதாமல் துடைப்பதற்கு ஆகும் அரைமணி நேரத்தைக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியையும் குறைக்காமல் கொடுங்கள்.