உருண்டை பிடிக்கலாம் வாங்க

லீவுல பசங்க பசிக்குதுன்னு பத்து தடவ வருவாங்க. பிஸ்கட்ட நீட்டாம உருண்டை பிடிக்க உட்கார வைங்க. அடுப்பே வேண்டாம்.

பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை ரெண்டையும் மிக்ஸில நைஸா பொடிச்சு, கொட்டை எடுத்த பேரீச்சை சேர்த்து, ஒட்டுற பதம் வரும்வரை இன்னும் ரெண்டு சுத்து. பிடிக்கிறது பசங்க வேலை. கோணலா வரும், வரட்டும். தான் பிடிச்சத ருசி பார்க்காம விடமாட்டாங்க.

"வெல்லம் போட்டா நல்லதுதானே டாக்டர்?"னு கேப்பாங்க. அதுவும் சர்க்கரைதான். பேரீச்சையே போதுமான இனிப்பு.

கூடவே சின்னக் குழந்தை இருந்தா, சிந்தின முழுக்கடலைய உடனே பொறுக்கிடுங்க. 5 வயசுக்குள்ள அது மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கலாம். எக்ஸ்ரேல கடலை நேரடியா தெரியாது. மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுத்தான் எடுக்கணும். சாப்பிடும்போது திடீர்னு புரையேறி இருமினா, இருமல் நின்னுட்டாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.