புறாவுக்கு வீடு குடைந்த மலை

துருக்கி நாட்டின் நடுப்பகுதியில், நெவ்ஷெஹிர் மாகாணத்தில் இருக்கிறது கோரெமே. அங்கே வந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது, களத்தில் நெல் அம்பாரம் குவித்தது போல வரிசையாக நிற்கும் கூம்புப் பாறைகள்தான். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகி, மிருதுவான பாறையாயிற்று. அதன்மேல் சில இடங்களில் கடினமான கல் மூடியிருந்தது. மழையும் பனியும் காற்றும் மிருதுவான பகுதியை அரித்துக்கொண்டு போக, தலையில் கல் இருந்த இடம் மட்டும் குடை பிடித்தது போல நின்றுவிட்டது. மண் அரிப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இங்கே ஒரு மணி நேரம் நடப்பது மேல்.

பாறையைக் குடைந்த தேவாலயங்களையும் அவற்றின் சுவரோவியங்களையும் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. 1985-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விவசாயி பார்க்க வேண்டியது வேறு. உச்ஹிசார் ஊரை ஒட்டிய புறாப் பள்ளத்தாக்கு.

அங்கே பாறை முகமெல்லாம் சிறு சிறு துளைகள். உள்ளே மாடம் மாடமாகக் குடைந்திருக்கிறார்கள். வாசலைக் கல் வைத்து அடைத்து, புறா நுழையும் அளவுக்கு மட்டும் துளை விடுவார்கள். புறாவை ஈர்க்கத் துளையைச் சுற்றி வெள்ளை பூசுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை அடைப்பைத் திறந்து எச்சத்தை வாரி எடுத்து, திராட்சைக்கும் பழ மரங்களுக்கும் போட்டார்கள். மாட்டுச் சாணத்தைவிடப் புறா எச்சத்தில் தழைச்சத்து அதிகம். சூடும் அதிகம், மக்க வைக்காமல் போட்டால் வேர் கருகும். மழை குறைந்த, சத்துக் குறைந்த சாம்பல் மண்ணில் கொடி காய்த்ததற்கு இந்த எருவும் ஒரு காரணம். ரசாயன உரம் வந்தபின் பல மாடங்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. சுற்றுலா வருமானம் கண்ணுக்குத் தெரிகிறது. கைவிட்ட மாடத்தின் நட்டம் தெரிவதில்லை.

பாறை இன்னும் விளைபொருளுக்கு உதவுகிறது. ஒர்தாஹிசாரில் குடைந்த கிட்டங்கிகளில், மத்தியதரைக் கடற்கரையிலிருந்து லாரியில் வரும் எலுமிச்சை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. மின்சாரக் குளிரூட்டி தேவையில்லை. வெளியே வெயிலோ பனியோ, உள்ளே ஏறக்குறைய ஒரே குளிர்ச்சிதான்.

ஆனால் அதே மிருதுத்தன்மைதான் ஆபத்தும். ஸெல்வே கிராமத்தில் குகை வீடுகள் இடிந்து விழும் நிலை வந்ததால், 1952-இல் மக்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கோரெமேக்கு இருந்த தேசியப் பூங்கா என்ற தகுதியை 2019-இல் அரசு நீக்கி, நிர்வாகத்தைத் தனி அமைப்பிடம் கொடுத்தது. கட்டடங்கள் பெருகுமோ என்ற கவலை அப்போது எழுந்தது. யுனெஸ்கோ பட்டியலில் இடம் தொடர்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு இலையுதிர் காலம் ஏற்றது. திராட்சை அறுவடை முடிந்து, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, புளிப்பு போக ஒருவகை வெள்ளை மண் சேர்த்துத் தெளிய வைத்து, ‘பெக்மெஸ்’ என்ற பாகு காய்ச்சும் பருவம் அது.