தலை மாறிய ஜீப்பு

பழைய ஜீப்பு ஒன்றை வீட்டுக் கொல்லையிலேயே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பழுது நீக்கி மறுபடியும் பூட்டி ஓட்டுகிறவர்களிடம் இரண்டு வகை ஸ்பேனர்கள் இருப்பதும், அவற்றை ஒன்றோடொன்று கலக்கவிடாமல் தனித்தனிச் சாக்கில் பரப்பி வைத்திருப்பதும், அந்தத் தொழிலுக்குப் புறம்பானவர்களுக்கு ஒரு புதிராகவே தோன்றும். அந்தப் புதிருக்கு எனக்கு விடை கிடைத்த இடம், போடிநாயக்கனூரில் என் தாய்மாமன் வீட்டு வேப்பமரத்தடி. எஞ்சினைத் தாங்கும் கட்டையருகே கையை விட்டுக்கொண்டு குனிந்திருந்தவரிடம் நான் ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். “அது மில்லி மாப்ளே, இங்கே நிக்காது, அந்தச் சாக்குல இருக்கிற அங்குலத்தை எடு” என்றார். அரை அங்குல நட்டின்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்திவிடும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்தான் ஆகையால், அந்த ஏறக்குறையவே வினையாக முடிந்து, பலங்கொண்டு திருகும்போது நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி, பிறகு எந்தச் சாவிக்கும் பிடிகொடாமல் வழுக்கத் தொடங்கிவிடும் என்று அவர் விளக்கினார்.

ஒரே வண்டியில் இரண்டு அளவைகள் எப்படி வந்தன? அவருடைய வண்டி, மலையடிவார ஊர்களில் இன்றும் காணக்கூடிய சி.ஜே. 3பி என்ற உயர்ந்த பானட்டு ஜீப்பு. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1953இல் வெளியிட்ட அந்த மாதிரியைப் பின்னர் நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனியார் நீண்ட காலம் செய்து விற்றார்கள். காற்றை உள்ளிழுக்கும் வால்வைத் தலையிலும், புகையை வெளித்தள்ளும் வால்வைப் பக்கவாட்டில் பிளாக்கிலும் வைத்து அமைத்த அதன் ‘ஹரிகேன்’ எஞ்சின், முந்தைய எஞ்சினைக் காட்டிலும் உயரமாகிவிட்டபடியால், அதற்கு இடங்கொடுக்கவே பானட்டு உயர்ந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற அந்த எஞ்சினைப் போஷிப்பது பலருக்கும் இயலாமற்போயிற்று. அதை இறக்கிவிட்டு, 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு சிலிண்டர்களைக் கொண்ட, 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே சேசிஸும் அச்சுகளும் அமெரிக்க அங்குலம். எஞ்சின் மட்டும் பிரெஞ்சு மில்லிமீட்டர். தன் பிறவிக்குரிய இருதயத்தை இழந்து அந்நிய இருதயத்தோடு மலையேறுகிற இந்த ஜீவன் எதுவென்று கொள்வது என்ற கேள்வி, அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது வேதாளம். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு அது சொன்ன கதைகளுள் தலை மாறிய கதை, சிறுவயதில் கேட்டபோது எனக்குப் பயங்கரத்தையும், வயது ஏற ஏறத் தீராத சிந்தனையையும் தந்த கதை. ஒருவன் தன் மனைவியோடும் அவளுடைய சகோதரனோடும் பிரயாணம் செய்கையில் வழியில் தேவியின் ஆலயத்தைக் கண்டு உள்ளே போகிறான். பக்தி மேலீட்டால் தன் தலையையே அரிந்து காணிக்கையாக்கிவிடுகிறான். தேடிக்கொண்டு போன மைத்துனனும் அந்தக் கோரத்தைக் கண்டு தன் தலையை அரிந்துகொள்கிறான். கடைசியில் வந்த பெண், இருவரும் இல்லாத உலகில் தனக்கும் வாழ்வு வேண்டாமென்று துணிந்தபோது, தேவி தடுத்தாட்கொண்டு, தலைகளை உடல்களோடு சேர்த்து வைத்தால் இருவரும் எழுவர் என்று வரமருளுகிறாள். ஆனந்தமும் பதற்றமும் ஒருங்கே பற்றிய அந்தப் பெண்ணோ, தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இவர்களில் யார் அவளுக்குக் கணவன் என்பது வேதாளத்தின் கேள்வி. உறுப்புகளுள் சிரசே பிரதானமாகையால் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது அரசனின் விடை; விடை சொல்லி மௌனம் கலைந்ததால் வேதாளம் வழக்கம்போல் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது.

வேதாளம் திரும்பியதோடு கதை முடிந்துவிடவில்லை என்று கருதியவர்களும் உண்டு. ஜெர்மானிய ஆசிரியர் தாமஸ் மான் 1940இல் இந்தக் கதையை எடுத்து ஒரு குறுநாவலாக விரித்தார். அவருக்குப் பின் கிரீஷ் கர்னாட், கன்னடத்தில் ‘ஹயவதன’ நாடகத்தை எழுதினார். இவ்விருவர் கதையிலும் மைத்துனன் கணவனின் நண்பனாகிறான்; கணவன் படிப்பாளி, நண்பன் உழைப்பாளி. விக்கிரமாதித்தன் யோசியாமல் விட்ட ஒரு விஷயத்தை இவர்கள் யோசித்தார்கள். தலை மாறிய பிறகு அந்த உடல்கள் அப்படியே இருந்துவிடுமா? படிப்பாளியின் தலையைச் சுமந்த உழைப்பாளியின் உடல், நாளாவட்டத்தில் உழைப்பை விட்டு மென்மையடைந்துவிடுகிறது. உழைப்பாளியின் தலையைப் பெற்ற மெல்லுடலோ திரண்டு உரம் பெறுகிறது. மான் இன்னும் ஒரு படி மேலே போய், உடலும் தன் பங்குக்குத் தலையின் சாயலைச் சிறிது மாற்றிவிடுவதாகக் காட்டுகிறார். ஒட்டவைத்த இரண்டு, காலத்தால் ஒன்றாகிவிடுகின்றன என்ற இந்த இடத்தை எப்போது வாசித்தாலும் எனக்கு மாமாவின் வேப்பமரத்தடியே நினைவுக்கு வருகிறது.

மான் அந்தக் குறுநாவலை வெளியிட்ட அதே 1940ஆம் ஆண்டில்தான் முதல் ஜீப்பும் பிறந்தது. அதன் பிறவியே தலை மாறிய பிறவி என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. படைக்கு இலகுவான ஒரு வண்டி வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் கேட்டபோது, பென்ஸில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பான்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைக் கொண்டு சித்திரம் வரைவித்து, 49 நாள் கெடுவுக்குள் வண்டியைச் செய்து, செப்டம்பர் 23ஆம் தேதி ஹோலபேர்டு முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது. ராணுவமோ பான்டத்தின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் நிலைத்த வண்டியில் உருவம் பெரும்பாலும் பான்டத்தினுடையது, எஞ்சின் வில்லிஸினுடையது, முன்புறத்துத் தகட்டுக் கிரில் ஃபோர்டினுடையது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவிக்க, பெற்றெடுத்த பான்டத்துக்கு அந்த ஜீப்புகளின் பின்னால் இழுக்கும் டிரெய்லர்களைச் செய்கிற வேலையே பெரும்பாலும் மிஞ்சியது. இந்த அநீதியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒருவர் செய்த உறுப்பு மற்றொருவர் செய்த வண்டியில் சேரவேண்டும் என்பது யுத்தகாலத்து நிர்ப்பந்தம். ஃபோர்டுக்காரர்கள் தங்கள் போல்ட்டுகளின் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தார்கள். ஆனாலும் அந்த போல்ட்டு வில்லிஸ் வண்டியில் தடையின்றி இறங்கும். போர்முனையில் இரவில் பழுது பார்க்க நேரும் சிப்பாயை உத்தேசித்து ஒரு வசதியும் செய்திருந்தார்கள்: முன்விளக்கின் சிறகுத் திருகாணியைத் தளர்த்தினால், விளக்கு தன் கீலின்மேல் பின்னோக்கித் திரும்பி, எஞ்சின் இருக்கும் குழியிலேயே வெளிச்சத்தைப் பாய்ச்சும். தன்னைக் கழற்றப்போகிறவனுக்குத் தானே விளக்குப் பிடிக்கிற யந்திரம் வேறு உண்டோ, நான் அறியேன். பிறர் கையால் திருத்தப்படுவதற்கென்றே இவ்வளவு சிரத்தையோடு சிருஷ்டிக்கப்பட்ட ஒன்றைத் திருத்துவது அதன் இயல்புக்கு மாறானது என்று எப்படிச் சொல்வது?

யுத்தம் முடிந்து மிச்சப்பட்ட ஜீப்புகள் உலகெங்கும் சிதறின. மணிலா நகரத்தார் அவற்றை நீட்டி, இருமருங்கும் பலகை ஆசனம் போட்டு, ஜீப்னி என்ற புதிய வாகனமாக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினீயரான மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்ஸீ தீவிலிருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்; அது உழைத்துத் தேய்ந்தபின் அதன் இடத்துக்கு எதை வைப்பது என்ற யோசனையே 1948இல் லாண்டுரோவராக உருவெடுத்தது. அந்த வம்சத்தின் முதற்சோதனை வண்டியும் ஜீப்பு சேசிஸின்மேல் கட்டப்பட்டதுதான்.

மாமாவின் ஜீப்புக்குத் திரும்புவோம். எஞ்சினை மாற்றுவது ஒரு நாளில் தீர்ந்துபோகும் காரியமன்று. அது ஒரு சங்கிலித்தொடரின் முதற்கண்ணி. பெட்ரோல் எஞ்சினின் வேகச் சுழற்சியை உத்தேசித்து அந்த வண்டியின் அச்சுகளுக்கு 5.38 என்ற விகிதத்தில் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியைப் போட்டிருந்தார்கள். நிதானமாகச் சுழலும் டீசல் எஞ்சினை அதனோடு இணைத்தால், சமவெளிச் சாலையில் வண்டி ஓலமிடுமேயன்றி ஓடாது. ஆகவே பினியனை மாற்றவேண்டும். பின் அச்சில் மாற்றினால் முன் அச்சிலும் அதே விகிதத்துக்கு மாற்றியாகவேண்டும். இன்றேல் நான்கு சக்கரங்களையும் ஒருசேர இயக்கும் லீவரைப் போட்டதும், முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழல முயன்று, இடையிலுள்ள பற்களை நொறுக்கிவிடும். மாமா கிரவுன் பினியனின் பற்களைப் பொருத்திய விதம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. பல்லின்மேல் சிறிது வண்ணக் குழம்பைத் தடவி, கையால் மெதுவாகச் சுற்றி, எதிர்ப்பல் எங்கே உரசி வண்ணத்தை எடுத்திருக்கிறது என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார்; சுவடு பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தால், காகிதத்தினும் மெல்லிய ஷிம் தகடு ஒன்றை எடுத்தோ சேர்த்தோ, மறுபடியும் துடைத்து, மறுபடியும் தடவி, சுவடு பல்லின் நடுவில் விழுமளவும் இதையே செய்துகொண்டிருப்பார். ஸ்வரம் சேருமளவும் தம்பூராவின் பிருடையைத் திருகும் வித்துவானின் பொறுமை அது. இப்படிப் பொருத்தப்பட்ட பற்கள் ஓட ஓட ஒன்றுக்கொன்று இழைந்துகொள்கின்றன; பிற்பாடு எவரேனும் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து வேறொரு ஜோடியோடு சேர்த்தால், அது கூச்சலிட்டுக் கெட்டுப்போகும். மான் கண்ட உண்மையை எண்ணெய்ப் பிசுக்குக்கிடையே என் மாமாவும் கண்டிருந்தார்.

நம் சர்க்காரின் சட்டம், விக்கிரமாதித்தன் கட்சி. சேசிஸில் பொறித்த எண் எதுவோ அதுவே வண்டி. கம்பெனியார் செய்தளித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே வலியுறுத்தியது. ஐம்பது வயது கடந்தும் மூல உருவம் மாறாத வண்டிகளுக்கு, புராதன வாகனம் என்று தனிப்பதிவும் கௌரவமும் 2021ஆம் வருஷத்து விதிகள் அளித்திருக்கின்றன. சாலையில் நடக்கும் மற்றவர்களின் உயிரைக் கருதிச் செய்த சட்டத்தை நான் குறைகூற மாட்டேன். பார்ப்பவர்கள் மலைக்கவேண்டும் என்பதற்காகவே சக்கரத்தைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கை உயர்த்தி, வளைவில் கவிழத்தக்க நிலையில் வண்டியை நிறுத்துகிறவர்களை அது தண்டிப்பது நியாயமே. ஆனால், கொட்டகையில் துணி போர்த்தி நின்ற காரணத்தால் மாறாதிருந்த ஜீப்புக்குப் புராதனப் பெருமையும், ஐம்பது வருஷம் மலையேறி உழைத்து அந்த உழைப்பின் பொருட்டே உறுப்பு மாறிய ஜீப்புக்கு ஒரு பெயரும் இல்லாமையும் எனக்குச் சம்மதமில்லை.

என் அபிப்பிராயத்தில் ஜீப்புக்குச் சிரசு சேசிஸுமன்று, எஞ்சினுமன்று. எந்தத் தொழிலுக்காக அது பிறந்ததோ அந்தத் தொழிலே அதன் சிரசு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையிலும், தேனி ஜில்லாவிலிருந்து விடியலில் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் மலைச்சாலையிலும், எந்த உறுப்பு எவருடையது என்று கேளாமல் ஏறிச்செல்கிற வண்டிதான் ஜீப்பு. உழைக்கிற உறுப்புகள் ஒன்றாகிவிடுகின்றன. வேதாளம் என்னிடம் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் பழைய ஜீப்பு துருவேறிக் கிடக்கிறவர்கள், அதைப் புதுப்பேட்டைக் காயலான் கடைக்கு எடைபோட்டு அனுப்புமுன், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைப் புதுப்பிக்க முன்வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரத்து பிரேக்குக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு குழாய் எங்கேனும் விட்டுப்போனால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். மலையிறங்கும் வண்டிக்கு இது தகாது. மூலரூபத்தைக் காக்கவேண்டும் என்ற ஆசையை இந்த ஓரிடத்தில் விட்டுவிட்டு, உரிய அனுமதி பெற்று இரட்டைச் சுற்று சிலிண்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். வர்ணம் அடிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.