வரி கட்டாத ராஜா

செஞ்சிக்காரன் என்றால் நம்மூரில் உடனே "தேசிங்குராஜா கோட்டையா?" என்பார்கள். பாரிஸ் புறநகரில் அது செல்லாது. "பாண்டிச்சேரிப் பக்கம்" என்று தொடங்கினால்தான் ஆளுக்குப் புரியும். கீழ்வீட்டு அல்ஜீரியக்காரருக்கும் இதே பாடுதான். அவர் ஊர் ஷெர்ஷெல்.

இரண்டு ஊரிலும் பிரெஞ்சுக் கொடி பறந்திருக்கிறது. எங்கள் கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார், 1761இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். ஷெர்ஷெல்காரர்களுக்கு 1840 முதல் 1962 வரை. "பதினோரு வருஷம்தானா?" என்று கீழ்வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார்.

கடலோரத்து ஷெர்ஷெல்லின் பழைய பெயர் இயோல். நுமீதிய பெர்பர் அரசனின் மகன் ஜூபா, கைக்குழந்தையாக சீசரின் வெற்றி ஊர்வலத்தில் ரோமில் காட்டப்பட்டவன். அங்கேயே படித்து வளர்ந்தான். கி.மு. 25இல் அகஸ்டஸ் அவனை மௌரிதானியாவுக்கு அரசனாக அனுப்ப, தலைநகர் இயோலுக்குப் பேரரசரைப் போற்றிச் செசாரியா என்று பெயரிட்டான். ராணி எகிப்தின் கிளியோபாட்ராவுக்கும் ஆண்டனிக்கும் பிறந்தவள். ஜூபா நூல்கள் எழுதியதோ கிரேக்க மொழியில். "இவர் பெர்பரா, ரோமானியரா?" என்று கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். "எங்கள் ராஜா" என்றார், அத்தோடு சரி.

தேசிங்கு மட்டும் என்ன, செஞ்சி மண்ணில் முளைத்தவனா? அப்பா சொரூப்சிங் புந்தேலா ராஜபுத்திரர். ஔரங்கசீப் கோட்டைப் பொறுப்புக்கு வைத்தவர். மகனின் பெயர் தேஜ்சிங், நம் வாயில் தேசிங்கு. அப்பா செத்ததும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கி கேட்டார். கொடுக்க மறுத்தவன் 1714இல் சொற்பப் படையோடு மோதி விழுந்தான். நண்பன் மகமத்கானும் கூடவே போனான். ஆண்டது சில மாதம்.

தலைமுறை தலைமுறையாக ஆண்ட நாயக்கர்களையோ, 1677இல் பிடித்த சிவாஜியையோ, 1698 வரை மொகலாய முற்றுகையைத் தாங்கிய ராஜாராமையோ என் தாத்தா ஒருநாளும் பேசியதில்லை. பாட்டிலும் கூத்திலும் தேசிங்குதான். 2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியைச் சேர்த்தது. நியாயம்தான், ஆனால் அதற்காகச் சந்தைமேட்டில் யாரும் கோட்டையின் பெயரை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

இங்கே நான் வாயைத் திறந்ததும் "உண்மையில் எந்த ஊர்?" என்கிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த என் பிள்ளைகளையும் கேட்கிறார்கள். தேசிங்கை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கப்பம் கட்டாமல் செத்தான், ஊர் அவனை எடுத்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி ஆதங்கப்பட்டேன்.

"நீங்களும் ஒரு வருஷம் வரி கட்டாமல் இருந்து பாருங்களேன்" என்றார்.