மேசையைத் துப்புரவாக்கும் முன்



பரீட்சை நெருங்கியதும் வீட்டைத் துப்புரவாக்கும் ஆசை உங்களில் பலருக்கு வந்துவிடுகிறது. கணித வினாத்தாளைக் கையிலெடுத்தால்தான் அலுமாரியின் தூசு கண்ணில் படும்! ஒரு பின்னேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் பரீட்சை மண்டபத்துக்கு வேண்டியவற்றைத் தேடியெடுங்கள். தேசிய அடையாள அட்டையும் அனுமதி அட்டையும் ஒரே கோவையில் இருக்கட்டும். அந்தக் கோவை எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2016 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பாடத்திட்டம் மாறியது. அண்ணாவும் அக்காவும் விட்டுச்சென்ற அதற்கு முந்திய குறிப்புக் கொப்பிகளில் இன்றைய பாடத்துக்கு ஒத்துவராத அலகுகள் உண்டு. அவற்றை மேசையிலிருந்து அகற்றிவிடலாம்.

அகற்றுவது என்று சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் அம்மா எதையும் எறியமாட்டார். வெறும் ஜாம் போத்தல், பழைய கலண்டர், ஓட்டை விழுந்த குடை எல்லாம் உரப்பைகளில் கட்டப்பட்டுச் சாமியறை மூலைவரை நிறைந்திருக்கும். 2007 இல் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், நான் வீட்டை ஒதுக்கத் தொடங்கினேன். ஏ9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பழைய கடதாசிக்கும் நல்ல கிராக்கி. இரண்டு உரப்பைக் கடதாசியைக் கச்சான் விற்பவர் ஒருவருக்கு நிறுத்துக் கொடுத்தேன். கையில் காசு, வீட்டில் நடமாட இடம். பெருமையாக இருந்தது.

அம்மா வந்து மூலையைப் பார்த்தார். "அதுக்குள்ளே நீல அட்டைக் கொப்பி ஒண்டு இருந்ததே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கொப்பிக்குள் மாமாவின் கடிதங்கள் இருந்தன. 1996 இற்குப் பின் மாமாவைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு கையில் என்னையும் மறு கையில் ஒரு துணிப்பையையும் பிடித்தபடி அம்மா நடந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. பிறப்புச் சான்றிதழ்களோடு அந்தக் கொப்பியும் அந்தப் பைக்குள்தான் வந்தது. அத்தனை சனத்துக்குள்ளும் தொலையாதது, என் அரைநாள் துப்புரவில் தொலைந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதிக்கு மேல் சுருளாகப் போயிருந்தது. மீதியைக் கொட்டித் தேடினேன்; கிடைக்கவில்லை. அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் மேசையில் உள்ளதை நீங்கள் தீர்மானியுங்கள். மற்றவர்களுடைய பெட்டியில் கைவைப்பதற்கு முன் அவர்களை அருகில் இருத்தி ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். பையைக் கட்டும் முன் கொப்பிகளைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். வளவில் கிடக்கும் சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய ரயர் என்பவற்றுக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அவற்றை இன்றே அகற்றுங்கள்.

சென்ற தைப்பொங்கலுக்கு அம்மாவும் நானும் சேர்ந்தே வீட்டை ஒதுக்கினோம். கலைப்பட்டதாரியாகிய எனக்கும் பழைய கொப்பிகள் கொஞ்சமல்ல. அதிலும் பாதி போயிற்று. கடைசியாக ஜாம் போத்தல்களை எடுத்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த நாங்கள் விளக்காக எரித்தவை அவை. நான் அரிச்சுவடி படித்தது அந்த வெளிச்சத்தில்தான். பதினொரு போத்தல்கள். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பத்தை என்னிடம் தந்தார்.

மற்றது இப்போது என் மேசையில் இருக்கிறது. சிவப்புப் பேனைகளை அதற்குள்தான் போட்டு வைத்திருக்கிறேன்.