பத்து நாள்களில் என்ன கற்பிக்கலாம்?



கடந்த ஜூலை மாதத்தில் ஒரு மாலை, என் முன்னாள் மாணவர் ஒருவர் சிம்பாங் பூலாயில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவர். இப்போது தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறார். தம் திருச்சபையின் இளைஞர் குழு டிசம்பர் விடுமுறையில் கென்யாவுக்கு ஊழியப் பயணம் செல்லவிருப்பதாகக் கூறி ஒரு கடிதத்தை நீட்டினார். பதினான்கு பேர், பத்து நாள்கள். விமானக் கட்டணம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, தங்குமிடம் என ஒருவருக்கு ஏறக்குறைய எட்டாயிரம் ரிங்கிட் செலவாகும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். சிற்றூர்ப் பள்ளி ஒன்றிற்கு வண்ணம் பூசுதல், பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பாடல்களும் கற்பித்தல், எழுதுபொருள் வழங்குதல், சிறார் இல்லம் ஒன்றைப் பார்வையிடுதல் ஆகியவை நிகழ்ச்சி நிரலில் இருந்தன.

நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். ஆயினும் பிறர்க்கு உதவ விழையும் ஓர் இளைஞரைக் கண்டு எந்த ஆசிரியருக்குத்தான் மகிழ்ச்சி வராது? நன்கொடை தர இசைந்தேன். அதன் பிறகுதான் அவர் உண்மையில் எதற்காக வந்தார் என்பது தெரிந்தது.

"ஐயா, பத்து நாள்களில் என்ன கற்பிக்கலாம்? நீங்கதான் பாடம் தயாரிச்சுக் கொடுக்கணும்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்படி சொல்லி அனுப்பினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1980ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள், நகரத்திலிருந்து ஒரு குழுவினர் வேனில் வந்து எங்கள் லயத்தருகே இறங்கினர். நல்ல உடை, நல்ல மணம், நல்ல சிரிப்பு. ஆங்கிலப் பாட்டொன்று கற்பித்தனர். வண்ணப் பென்சில் பெட்டி தந்தனர். எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தனர். அவர்களுள் ஓர் அக்காள், பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று என்னைக் கேட்டார். வாத்தியார் என்றேன். அடுத்த முறை வரும்போது உனக்கு ஒரு தமிழ் அகராதி கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் தோட்டத்து முகப்பில் இருந்த மளிகைக் கடையோரம் காத்திருந்தேன். வேன் வரவில்லை. பால் வாளியைக் கழுவிக்கொண்டே என் தாயார், "வந்தவங்க போகத்தானய்யா செய்வாங்க" என்றார். அந்த அக்காள்மீது எனக்குச் சினம் இல்லை. அவர் மனமறிந்து பொய் சொல்லியிருக்க மாட்டார். அன்று அவருக்கு அது ஒரு நற்செயலின் முடிவு. எனக்கோ காத்திருப்பின் தொடக்கம்.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். 2012இல் நானே அதைச் செய்தேன். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலையையொட்டிச் செமாய் பூர்வக்குடியினரின் கிராமங்கள் உள்ளன. புறப்பாட நடவடிக்கையாக ஆறாம் ஆண்டு மாணவர்களை அவற்றுள் ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். பழைய துணிமணிகள், பிஸ்கட் டின்கள், ஒரு பதாகை. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பேருந்தில் ஏறும்போது ஒரு செமாய்ச் சிறுவன் என் சட்டையைப் பிடித்து, "சிகு, பிலா டாத்தாங் லாகி?" என்றான். மீண்டும் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறான். "நந்தி" என்றேன். பிறகு வருகிறேன் என்று பொருள். நான் போகவில்லை. அதன்பின் கேமரன் மலைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சந்திப்பு வந்ததும் என் கால் தானாகவே வேகமிதியை அழுத்தும்.

ஞாயிறன்று மாணவர் வந்தார். இரண்டு கதைகளையும் சொன்னேன். பயணத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்புரை அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் பத்து நாள்களில் பலருக்குப் பார்வை தந்து திரும்பலாம். அந்தப் பணி பத்து நாள்களுக்குள் அடங்கும். கற்பித்தல் அவ்வாறு அடங்குவதன்று. பிள்ளையின் பெயர், அவன் மொழி, காலையில் உண்டானா இல்லையா என்பதெல்லாம் தெரிந்த பிறகே பாடம் தொடங்குகிறது. எனவே ஆசிரியர் என்ற முறையில் சில கேள்விகள் மட்டும் கேட்டேன்.

டிசம்பரில் அங்கே பள்ளி நடைபெறுமா? அவர்களின் பாடத்திட்டம் எது? வண்ணம் பூசுவோர் அவ்வூரில் இல்லையா? இவையெல்லாம் வேண்டும் என்று கேட்டவர் யார்?

அவரிடம் விடை இல்லை. சபை மூப்பர் வழியாக அப்பள்ளியின் தலைமையாசிரியருக்குச் செய்தி அனுப்பினார். நான்கு நாள் கழித்துப் பணிவான பதில் வந்தது. கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். டிசம்பரில் பள்ளிகள் மூடியிருக்கும். விருந்தினர் விரும்பினால் பிள்ளைகளை வரவழைக்கலாம் என்று எழுதியிருந்தார். 2019 முதல் அந்நாட்டில் புதிய பாடத்திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பழைய நூல்கள் வகுப்பிற்கு அதிகம் உதவுவதில்லை. நைரோபியில் விற்கும் உள்ளூர்ப் பாடநூல்களே தேவை. பள்ளிச் சுவர் சென்ற ஆண்டுதான் வேறொரு குழுவினரால் வண்ணம் பூசப்பட்டது.

சிறார் இல்லத்தைப் பற்றியும் நாங்கள் தேடிப் படித்தோம். பல நாடுகளில் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையும் பள்ளிச் செலவுமே அவர்களை அங்குக் கொண்டு சேர்க்கின்றன. வெளிநாட்டார் வருகையும் நன்கொடையும் பெருகும்போது, இல்லங்களும் பெருகுகின்றன. கென்யா 2017இல் புதிய சிறார் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. பிள்ளைகளைக் குடும்பங்களிலேயே வளர்க்க வேண்டும் என்பதை நோக்கி அந்நாட்டின் கொள்கை நகர்ந்துள்ளது. நம் பிள்ளையை முன்பின் அறியாத பதினான்கு பேர் தூக்கிக் கொஞ்சிப் படமெடுத்துச் சென்றால் நாம் ஒப்புவோமா?

இவற்றைச் சபைப் பெரியோர்முன் வைக்க வேண்டும். அதற்கு அவர்களுடைய மரபிலிருந்தே சான்று வேண்டும் என்றார் மாணவர். தேடியபோது இருவர் கிடைத்தனர்.

முதலாமவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த தமிழர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளில் தமிழகத்திற்கு ஊழியரை அனுப்பியிருந்ததை அறிந்து வியந்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அவர்களின் பணிக்களம் ஐதராபாத் சமஸ்தானத்தின் தெலுங்கு நாடு. 1909இல் அசரியாவே அங்குள்ள டோர்னக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார், தெலுங்கு கற்றார், 1912இல் பேராயரானார், 1945இல் மறையும்வரை அம்மக்களோடு இருந்தார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு ஊழியர்களின் தியாகங்களைப் போற்றிவிட்டு, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டவர் அவர்.

இரண்டாமவர் ஆப்பிரிக்காவுக்கே சென்றவர். ஜான் ரங்கையா என்னும் தெலுங்கு பாப்டிஸ்ட் ஊழியர், 1903இல் நெல்லூரிலிருந்து நாத்தாலுக்குக் கப்பலேறினார். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் தோட்ட வேலைக்குச் சென்ற இடம் அது. நம் பாட்டன்மார் பேராக் தோட்டங்களில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அவ்வாழ்வை விளக்க வேண்டியதில்லை. அவர் 1915இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார்.

எல்லாரும் அவ்வாறு வாழ்நாள் முழுதும் தங்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் அது இயலாது. ஆனால் தங்க இயலாதவர் திரும்பி வரலாம், மொழியைக் கற்கலாம், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

சபையில் என் மாணவர் பேசியது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. பழைய வாத்தியார் இவருடைய ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று சிலர் வருந்தினர். நண்பர்கள் இருவர் அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டனர். இதற்கு நானே காரணம் என்னும் உறுத்தல் எனக்கு உண்டு. எனினும் மூப்பர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். பயணம் வரும் மே மாத இறுதிக்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. அப்போது நமக்கு விடுமுறை. அவர்களுக்குப் பள்ளி நாள்கள். பதினான்கு பேருக்குப் பதிலாக நால்வர் செல்வர். அதே நால்வர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் செல்வர். சேமித்த தொகையில் ஒரு பகுதி பாடநூல்களுக்குப் போய்ச் சேரும். சிறார் இல்லப் பயணம் நீக்கப்பட்டது.

மாணவர் இப்போது சுவாஹிலி கற்கிறார். மலாய் மொழியில் உலகத்திற்குத் 'துனியா' என்போம். அவர்களும் துனியா என்றே சொல்கிறார்களாம். அரபு மொழி இரு கரைகளுக்கும் கொடுத்துச் சென்ற சொல் அது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, அவர் கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். பத்து நாள்கள் கற்பிக்கப் போதா. கற்றுக்கொண்டு வரப் போதும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய பயணத்திற்கு ஒப்புதல் கடிதம் கொண்டு வந்தால் தடுக்காதீர்கள். யார் கேட்டார்கள், மீண்டும் எப்போது போவீர்கள் என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். ஆசிரியர்களே, நம் பள்ளிகளின் தொண்டுப் பயணங்களுக்கும் இது பொருந்தும்.

சென்ற சனிக்கிழமை அந்தச் செமாய்க் கிராமத்திற்குப் போனேன். தனியாக, பெட்டி எதுவுமின்றி. அன்று என்னைக் கேட்ட சிறுவன் வளர்ந்து, கேமரன் மலைக் காய்கறித் தோட்டமொன்றில் வேலை செய்கிறானாம்; ஊரில் இல்லை. அவன் சிற்றன்னை தேநீர் கொடுத்தார். 2012இல் நாங்கள் வந்தது அவருக்கு நினைவில்லை; பலரும் வருவார்கள் என்றார். புறப்படும்போது நானே நாள் குறித்துச் சொன்னேன்: அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அவர் தலையசைத்தார், நம்பினாரா என்பது தெரியவில்லை.

மாணவர்களை இப்போது அழைத்துச் செல்லப் போவதில்லை. முதலில் நான் சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும்.